குடும்பத்தைப் பிரிக்காமல் குழந்தையைக் காப்பது: தமிழ்நாட்டின் குழந்தை நல அமைப்பும் தலித் குழந்தைகளின் சட்ட உரிமைகளும்

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். காலனியில் குடியிருக்கும் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் இறந்துவிடுகிறார். மனைவிக்கு முப்பது வயது. எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். நிலம் இல்லை. வேலை இருக்கும் நாளில் மட்டும் கூலி. பள்ளிக்குப் போகும் வழியில் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை; மகனை வரப்போரம் உட்கார வைத்துவிட்டுத் தாய் நாற்று நடுகிறார். இரண்டு மாதம் கழித்து நல்லெண்ணம் கொண்ட ஒருவர் வந்து சொல்கிறார்: "பிள்ளைகளை இல்லத்தில் சேர்த்துவிடும்மா. மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும்." தாய் அழுகிறார், பிறகு சம்மதிக்கிறார். கையொப்பத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைக்கிறார்.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அன்று. ஆனால் களத்தில் பணியாற்றுகிற எவருக்கும் இது புதிதாகவும் தோன்றாது. இங்கு எழ வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தத் தாயிடம் யாரேனும் நிதி ஆதரவுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்களா? மகனுக்கு அருகிலேயே அங்கன்வாடி இருந்ததா? பிள்ளைகளை அனுப்பாமலேயே காக்கும் வழி சட்டத்தில் இருக்கும்போது, அனுப்பும் வழி மட்டும் ஏன் அவர் வாசலுக்கு வந்தது?

மாநில அளவில் குழந்தைகளுக்கென உள்ள நல அமைப்புகள், அவற்றின் சட்ட அடிப்படை, காலக்கெடுக்கள், மேல்முறையீட்டு வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது. தலித் குழந்தையின் இடத்திலிருந்து அவற்றைப் பார்க்கிறது.

1920: இரண்டு தொடக்கங்கள்

தமிழ்நாட்டின் குழந்தை நல வரலாற்றில் 1920ஆம் ஆண்டு இரு வகையில் முக்கியமானது. அவ்வாண்டில்தான் சென்னைக் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் மாகாண அளவில் வந்த முதல் குழந்தைகள் சட்டம் அது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களையும் ஆதரவற்ற சிறுவர்களையும் அரசு அங்கீகரித்த பள்ளிகளில் வைத்துப் பராமரிக்க அது வழிசெய்தது. அதே ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு வழங்கத் தொடங்கியது.

இவை இரண்டும் வெவ்வேறு பார்வைகள். மதிய உணவு, குழந்தையை அதன் வீட்டிலும் ஊரிலும் இருக்கவிட்டு, அங்கே இல்லாததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குழந்தைகள் சட்டம், குழந்தையை வீட்டிலிருந்து எடுத்து நிறுவனத்துக்குக் கொண்டுபோகிறது. முதல் வழியில் காமராசர் காலத்து மதிய உணவும், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் வந்தன. இரண்டாம் வழியில் கூர்நோக்கு இல்லங்களும், குழந்தைகள் இல்லங்களும், ஆயிரக்கணக்கான குழந்தைகள் தங்கும் தனியார் காப்பகங்களும் வளர்ந்தன.

இரு வழிகளும் தேவைதான். அடிபட்டும் வதைபட்டும் வரும் குழந்தைக்குப் பாதுகாப்பான இல்லம் வேண்டும். ஆனால் சோறும் துணியும் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தை தாயைப் பிரிய வேண்டியதில்லை. இன்றைய சட்டமும் இதையே சொல்கிறது.

யார் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'?

இன்று நடைமுறையில் உள்ள முதன்மைச் சட்டம் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. 2016 சனவரி 15 முதல் இது நடைமுறையில் உள்ளது. 2021இல் திருத்தப்பட்டது. 18 வயது நிறைவடையாத ஒவ்வொருவரையும் இச்சட்டம் குழந்தை என்கிறது. குழந்தைகளை இரு பிரிவாக அது அணுகுகிறது. சட்டத்துக்கு முரணாகச் செயல்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் செல்கிறார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர்கள் குழந்தை நலக் குழுவின் முன் செல்கிறார்கள்.

இரண்டாம் பிரிவினர் யார் என்பதைப் பிரிவு 2(14) விரிவாகப் பட்டியலிடுகிறது. வீடோ நிலையான தங்குமிடமோ இல்லாத குழந்தை, தொழிலாளர் சட்டங்களுக்கு முரணாக வேலையில் அமர்த்தப்பட்ட குழந்தை, பிச்சையெடுக்கும் அல்லது தெருவில் வாழும் குழந்தை, உடன் வசிப்பவரால் துன்புறுத்தப்படும் குழந்தை, பெற்றோரை இழந்து பார்த்துக்கொள்ள யாருமற்ற குழந்தை, பராமரிக்கத் தகுதியற்றவர் அல்லது இயலாதவர் என்று குழுவால் கண்டறியப்பட்ட பெற்றோரின் குழந்தை, திருமண வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தை ஆகியோர் இதில் அடங்குவர்.

இதில் 'இயலாத பெற்றோர்' என்ற சொல்லை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். நிலமின்மையும் கூலிக் குறைவும் சாதி அமைப்பு பல தலைமுறையாகச் சுமத்தியவை. அவற்றின் விளைவைத் தாயின் தனிப்பட்ட இயலாமையாக ஒரு படிவத்தில் எழுதிவிட முடியும். அப்படி எழுதப்படும்போது ஒரு சமூக அநீதி குடும்பத்தின் குறையாக மாறிவிடுகிறது. இதைத் தடுக்கும் கருவிகளும் அதே சட்டத்தில் உள்ளன. பிரிவு 3, சட்டத்தைச் செயல்படுத்தும் அனைவரும் பின்பற்ற வேண்டிய பொதுக் கோட்பாடுகளை வகுக்கிறது. குழந்தையைப் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பு குடும்பத்துடையது. நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும். சாதி உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது. இம்மூன்றும் அறிவுரைகள் அல்ல, சட்டத்தின் கட்டளைகள். மாற்றுப் பராமரிப்புக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் வறுமை ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மாநிலத் தலைமையகத்திலிருந்து ஊர் வரை

சட்டம் நாடாளுமன்றத்துடையது, அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாநில அரசுடையது. தமிழ்நாட்டில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் இது வருகிறது. முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை எனப்பட்ட இயக்ககம், இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்ற பெயரில் இல்லங்களையும் பாதுகாப்புப் பணிகளையும் கவனிக்கிறது. பிரிவு 106இன்படி மாநில அளவில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கமும், மாவட்டந்தோறும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இயங்க வேண்டும். பிரிவு 107இன்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தை நலக் காவல் அலுவலராக இருப்பார் என்று பலரும் சொல்வதுண்டு. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி அதற்கும் கீழே, உதவி சார்பு ஆய்வாளர் நிலை. ஆகவே 'அதிகாரி இல்லை' என்ற பதிலை எந்தக் காவல் நிலையமும் சொல்ல இயலாது.

நிதியின் பெரும்பகுதி மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தின் வழியாக வருகிறது. 2009-10இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று தொடங்கியது, 2022 முதல் இப்பெயரில் நடக்கிறது. செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. 1098 என்ற உதவி எண், 1996இல் மும்பையில் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கி நாடெங்கும் பரவியது. 2023 முதல் அரசே நடத்துகிறது.

தலித் குழந்தையின் வாழ்வைத் தொடும் அரசுத் துறைகள் இன்னும் பல. அங்கன்வாடி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் கீழ். மாணவர் விடுதி, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ். கொத்தடிமை மீட்பு, வருவாய்த் துறையின் கீழ். வன்கொடுமை வழக்கு, காவல் துறையின் கீழ். ஒவ்வொரு துறையும் குழந்தையின் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறது. முழுக் குழந்தையையும் பார்க்கச் சட்டப்படி கடமைப்பட்ட ஒரே அமைப்பு குழந்தை நலக் குழு.

குழந்தை நலக் குழு: அதிகாரமும் காலக்கெடுவும்

மாவட்டந்தோறும் குறைந்தது ஒரு குழு இருக்க வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது அது. உறுப்பினர்களில் ஒருவரேனும் பெண்ணாகவும், மற்றொருவர் குழந்தைகள் தொடர்பான துறை அறிவு உடையவராகவும் இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரங்கள் இக்குழுவுக்கு உண்டு. மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் அமர வேண்டும். இறுதி முடிவெடுக்கும்போது குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ குழுவில் இடம் தர வேண்டும் என்ற விதி இந்தச் சட்டப்பிரிவில் இல்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை.

செயற்பாட்டாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய காலக்கெடுக்கள் இவை:

முதலாவது, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும் (பிரிவு 31). காவல் துறை, தொழிலாளர் ஆய்வாளர், சமூக ஊழியர், ஆசிரியர், பொதுமக்கள் எனப் பலரும் நிறுத்தலாம். குழந்தை தானே வந்தும் நிற்கலாம். குழு அமராத நாளில் தனி உறுப்பினரின் முன் நிறுத்தலாம்.

இரண்டாவது, சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடிய வேண்டும். முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க ஏதுவாக அது அமைய வேண்டும் (பிரிவு 36).

மூன்றாவது, குழந்தையை ஒப்படைக்க விரும்பும் பெற்றோருக்கு ஆலோசனை வழங்க வேண்டும். ஒப்படைத்த பின்பும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு (பிரிவு 35). எழுதப் படிக்கத் தெரியாத தாய் வைத்த கைநாட்டு இறுதியானது அன்று என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

நான்காவது, குழுவின் ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு தொடர்பான முடிவுகளுக்கு மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் செல்லும் (பிரிவு 101). குழுவின் செயல்பாடு குறித்த குறைகளையும் ஆட்சியரிடமே முறையிடலாம்.

குழுவின் முன் உள்ள வழிகள், இல்லத்தில் சேர்ப்பது மட்டுமல்ல. பிரிவு 37இன்படி, குழந்தையைக் கண்காணிப்புடனோ கண்காணிப்பின்றியோ பெற்றோரிடமே திரும்ப ஒப்படைக்கலாம். தகுதியுள்ள உறவினரிடமோ வேறொருவரிடமோ விடலாம். வளர்ப்புப் பராமரிப்புக்கு ஆணையிடலாம். நிதி ஆதரவுக்கு ஆணையிடலாம். இல்லத்தில் சேர்க்கும் ஆணை வந்தால், மற்ற வழிகள் ஏன் பொருந்தவில்லை என்று கேட்க வழக்கறிஞருக்கு உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் பிரிவு 12, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகிய அனைவருக்கும் இலவச சட்ட உதவியை உறுதிசெய்கிறது. நாம் தொடக்கத்தில் கண்ட தாய் இதில் மூன்று வகையில் தகுதி பெறுகிறார்: தலித்தாக, பெண்ணாக, குழந்தையின் சார்பில் நிற்பவராக.

வறுமைக்கு விடை நிதி ஆதரவு

குழந்தை குடும்பத்திலேயே வளர மாதந்தோறும் பணம் வழங்குவதே நிதி ஆதரவுத் திட்டம். மிஷன் வாத்சல்யா வழிகாட்டு நெறிகளின்படி ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் குழந்தைகள், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகள், பெற்றோர் கொடிய நோயாலோ உடல் இயலாமையாலோ பாதிக்கப்பட்ட குழந்தைகள், குழந்தைத் தொழிலாளராக மீட்கப்பட்டவர்கள் போன்றோர் தகுதியுடையவர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், பிற இடங்களில் 96,000 ரூபாய். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அளிக்க வேண்டும். ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் வழங்கும்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரின் பராமரிப்பும் கிட்டாத குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். இல்லத்தில் வளரும் குழந்தைக்கும் அரசு செலவிடுகிறது: உணவு, உடை, ஊழியர் ஊதியம், கட்டடம். அதே பொதுப்பணம் தாயின் கையில் போனால் குழந்தை தாயோடு இருக்கும். இல்லத்துக்கு நிதி தானாகச் செல்கிறது; தாய் மட்டும் வருமானச் சான்று, இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியிருக்கிறது. வருமான வரம்பும் சிக்கலானது. மாதம் 6,000 ரூபாய்க்குச் சற்று மேலே சம்பாதித்தாலே கிராமப்புறத் தாய் தகுதியை இழக்கிறார். கூலி உயர உயர இந்த வரம்பும் உயர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது?

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துமாவு, இரண்டு வயது முதல் குழந்தைகளுக்குச் சூடான மதிய உணவு, வாரம் மூன்று முட்டை, முன்பருவக் கல்வி, எடை கண்காணிப்பு ஆகியவை இவற்றின் பணிகள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 இந்த உணவைச் சட்ட உரிமையாக்கியது. அரசமைப்புச் சட்டத்தின் கூறு 45, ஆறு வயது வரையான குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அரசின் கடமையாகக் கூறுகிறது.

வேலைக்குப் போகும் தலித் தாய்க்கு அங்கன்வாடிதான் குழந்தைக் காப்பகம். ஊருக்குள் இருக்கும் மையத்துக்குக் காலனிக் குழந்தை நடந்து போக வேண்டியிருந்தால், தூரம் மட்டும் தடை அன்று. எந்தத் தெரு வழியாகப் போவது, யார் பக்கத்தில் உட்காருவது, யார் தட்டில் சாப்பிடுவது என்பவையும் தடைகளே. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்திருந்தது. 2004 அக்டோபர் 7 ஆணை, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் முன்னுரிமையுடன் மையங்கள் அமைக்கச் சொன்னது. 2006 டிசம்பர் 13 ஆணை இன்னும் தெளிவானது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேருக்குக் குறையாமல் உள்ள குடியிருப்பு கோரினால், மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்க வேண்டும். 'கோரினால் அங்கன்வாடி' என்ற இந்த உரிமையைப் பயன்படுத்தக் கிராம சபைத் தீர்மானமும், குழந்தைகளின் பட்டியலும், ஆட்சியருக்கு ஒரு மனுவும் போதும்.

சமைப்பவர் யார் என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம். பள்ளி மதிய உணவில் சமையலர், உதவியாளர் நியமனங்களில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சமையலர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. குழந்தைகள் சாதியைக் கற்கும் முதல் இடமாகச் சோற்றுப் பானை ஆகிவிடக் கூடாது. கல்வி நிலையத்தில் நுழைவதையோ, பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பயன்படுத்துவதையோ தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பின் பிரிவு 3(1)(இசட்ஏ)இன் கீழ்த் தண்டனைக்குரிய குற்றம்.

இல்லங்களைக் கண்காணிப்பது

சில குழந்தைகளுக்கு இல்லம் தேவை. அப்போது அது பாதுகாப்பான இல்லமாக இருக்க வேண்டும். மாமல்லபுரம் பகுதிக் காப்பகங்களில் குழந்தைகள் துன்புறுத்தப்படுவது குறித்த கட்டுரை ஒன்றை ஒட்டி 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, 2017 மே 5 அன்று தீர்ப்பானது. நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு, எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டுக் குழந்தைகளின் துயரம் நாடு முழுமைக்குமான நெறியாக மாறிய வழக்கு அது.

பிரிவு 41இன்படி, பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தங்கவைக்கும் எந்த நிறுவனமும், அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும், பதிவு பெற வேண்டும். பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இல்லத்தில் உடல்ரீதியான தண்டனை கொடுப்பது பிரிவு 82இன் கீழ்க் குற்றம்.

அரசு இல்லங்களும் விதிவிலக்கல்ல. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் ஊழியர்களால் தாக்கப்பட்டு இறந்தான். அதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைக்கு வெளியே நிற்கும் சமூகம்தான் சாட்சி.

இல்லத்தில் தொலையும் சாதிச் சான்றிதழ்

பேசப்படாத ஒரு சிக்கல் இது. இல்லத்தில் வளரும் குழந்தையிடம் பெற்றோரின் ஆவணங்கள் இருப்பதில்லை. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தன்னுள் சேர்த்திருக்கிறது. பின்புலம் அறியப்படாத குழந்தைக்கு அது உதவியே. ஆனால் ஆவணம் தேடும் முயற்சியே இன்றி ஒரு தலித் குழந்தையை இந்த வகையில் சேர்த்துவிட்டால், பட்டியல் சாதி இடஒதுக்கீடு, உதவித்தொகை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு எல்லாம் கைநழுவும். சாதியின் பாதிப்பு உடலில் இருக்கும். சாதியின் பெயரிலான உரிமை தாளில் இருக்காது.

எனவே சமூக விசாரணையின்போதே பெற்றோரின் சாதிச் சான்று, உறவினரின் சான்று, சொந்த ஊர் விவரம் ஆகியவற்றைத் திரட்டிக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று குழுவிடம் மனு அளிக்க வேண்டும். இருளர் போன்ற பழங்குடிச் சமூகங்களில் பெற்றோரிடமே சான்று இல்லாத நிலை உண்டு. அங்கே கோட்டாட்சியரின் விசாரணையைக் கோர வேண்டும். கிறித்துவ தலித் குழந்தைகளுக்கு, 1950ஆம் ஆண்டு ஆணை காரணமாகப் பட்டியல் சாதித் தகுதியே மறுக்கப்படுகிறது என்பதையும் மறக்கலாகாது.

வன்கொடுமையும் கொத்தடிமை முறையும் தாக்கிய குழந்தைகள்

சாதி வன்கொடுமையின் முதல் சாட்சிகள் பெரும்பாலும் குழந்தைகள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது, குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரியவந்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து வெட்டப்பட்ட மாணவனும் அவன் தங்கையும் குழந்தைகள். வெட்டியவர்களாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களும் குழந்தைகள். பின்னவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது. முன்னவர்களுக்கு மனநல ஆதரவும், மாற்றுப் பள்ளியும், பாதுகாப்பும் வழங்கும் பொறுப்பை யார் ஏற்பது? அத்தகைய குழந்தைகளைக் குழந்தை நலக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர முடியும், கொண்டுவர வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் இணைப்பு, கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டோரின் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உள்ளிட்ட கூடுதல் நிவாரணங்களுடன், குழந்தைகளின் பட்டப்படிப்பு வரையான முழுக் கல்விச் செலவையும் பராமரிப்பையும் வழங்கச் சொல்கிறது. ரொக்க நிவாரணத்தோடு பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. இந்தக் கல்விச் செலவைக் கேட்டு வாங்க வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றமெனில், போக்சோ சட்டத்தின் பிரிவு 19(6)இன்படி காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முழுவதும் உடன் நிற்க ஆதரவு நபர் ஒருவரைக் குழு நியமிக்கலாம்.

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் பெற்றோருடன் சிக்கிய குழந்தைகள் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் மீட்கப்படும்போது, விடுவிப்புச் சான்றிதழ் பெற்றோர் பெயரில் மட்டும் வழங்கப்படாமல் வேலை செய்த ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் வழங்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஒன்றிய மறுவாழ்வுத் திட்டம் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் 2 லட்சம் ரூபாய் என வகுத்தது. குழந்தையைக் கொத்தடிமையாக வைப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 79இன் கீழும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரியது.

இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம். 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை அது தடைசெய்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு அளித்தது. இந்தியாவில் குடும்பத் தொழில் என்பது பெரும்பாலும் சாதித் தொழில். பறை அடிப்போரின் பிள்ளை சாவுக்குப் பறை அடிப்பதை 'உதவி' என்ற பெயரில் கற்கச் சட்டமே கதவைத் திறந்து வைக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் மாவட்டத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் செலவில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடந்த ஆண்டில் குழந்தை நலக் குழு எத்தனை நாட்கள் அமர்ந்தது? இல்லங்களில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? நிதி ஆதரவு பெற்றவர்களில் அவர்கள் எத்தனை பேர்? காலனிகளுக்குள் அமைந்த அங்கன்வாடிகள் எத்தனை? சமூக விசாரணைப் படிவம் குழந்தையின் சமூகப் பிரிவையும் கேட்கிறது. எனவே விவரம் கோப்புகளில் இருக்கிறது; தொகுக்கச் சொல்வதே நம் வேலை. இரண்டாம், மூன்றாம் கேள்விகளின் விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அரசு தலித் குழந்தையைக் குடும்பத்தோடு காக்கிறதா, குடும்பத்திலிருந்து எடுத்துக் காக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மாணவர்கள் தங்கள் ஊரில் தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைகளின் பட்டியலைத் தயாரித்து, நிதி ஆதரவு விண்ணப்பங்களை நிரப்பி, ஒப்புதல் சீட்டு பெற்று வைக்கலாம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் எழுத்துவடிவில் காரணம் கேட்க வேண்டும். பாகுபாடு நடந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம். ஒன்றில் மட்டும் அனுப்பி நிற்க வேண்டாம். இந்தப் பணிகளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ சமூக ஊடகத்தில் பகிர்வது பிரிவு 74இன்படி குற்றம் என்பதை நம் தோழர்களும் நினைவில் கொள்ள வேண்டும். நீதி கேட்கும் சுவரொட்டியும் விதிவிலக்கு அல்ல.

தொடக்கத்தில் கண்ட தாயிடம் திரும்புவோம். அவருக்குத் தேவைப்பட்டது இரு பிள்ளைகளுக்கும் மாதம் 8,000 ரூபாய், காலனிக்குள் ஓர் அங்கன்வாடி, விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒருவர். மூன்றும் சட்டத்தில் உள்ளவை. இல்லத்துக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்ல ஒருவர் அவர் வீடு தேடி வந்தார். அந்த விண்ணப்பத்தோடு போகும் அடுத்த ஆள் நாமாக இருக்க வேண்டும். முதல் ஆளுக்கு முன்பாகவே போய்ச் சேர வேண்டும்.